லூர்தம்மாள் வீட்டு வான்கோழி

வாங்க டீச்சர். அந்த நாற்காலியில் உட்காராதீங்க, அதற்குக் கால் மூன்றுதான். நாலாவது கால் எங்க வீட்டுக்காரர் செங்கல் அடுக்கிச் செய்தது. பாயில் உட்காருங்க. நான் பீடி சுற்றிக்கொண்டேதான் பேசுவேன், தப்பாக நினைக்கக் கூடாது. கை ஓடினால்தான் எனக்கு வாய் ஓடும். கை நின்றாலும் ஓடும் என்று எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். அதை எழுதிக்கிட வேண்டாம்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு கதை வேண்டும், அதில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பேர் சிநேகமாக இருக்க வேண்டும். அப்படித்தானே? தெருமுனையில் விசாரித்தீங்க, "உலகம்மா வீட்டுக்குப் போங்க, அங்க அப்படி ஒரு சோடி உண்டு" என்று அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது சிரித்தார்களா? சிரிப்பார்கள். இந்தத் தெருக்காரர்களுக்குச் சிரிக்கக் காரணமே வேண்டாம். ஆனாலும் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது என் வெள்ளாட்டையும் அடுத்த வீட்டு வான்கோழியையும்.

அதோ, வேப்பமரத்து மூட்டில் படுத்திருக்கிறாளே, அவள்தான் ஆடு. பேர் சீனி. தலையை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள் பாருங்க. சுவர்ப் பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் 'களகளகள' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அவன்தான் வான்கோழி, கலெக்டர். நெஞ்சை நிமிர்த்தி, வாலை விசிறி மாதிரி விரித்து, இரண்டு எட்டு வைப்பான். நிற்பான். ஊரில் ஏதாவது குறை உண்டா என்று நாலு பக்கமும் பார்ப்பான். மறுபடி இரண்டு எட்டு. அந்தப் பேரை வைத்தது நான். அவனுக்குச் சொந்தக்காரி லூர்தம்மாள் மைக்கேல் என்று வைத்திருந்தாள், நிலைக்கவில்லை. இப்போது அவளே கலெக்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

லூர்தம்மாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கதை ஆட்டையும் கோழியையும் பற்றியது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை விளங்காது. அவளுக்கும் எனக்கும் பேச்சுக் கிடையாது. அஞ்சு வருஷமாகக் கிடையாது.

ஒரு ஈஸ்டருக்கு என் இட்லிக் கொப்பரையை இரவல் வாங்கிப் போனாள். மறுநாள் கொண்டுவந்து தந்தாள். டீச்சர், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். சாம்பல் போட்டு, எலுமிச்சந்தோல் போட்டு, பத்து வருஷக் கரியை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டாள்.

"எதுக்கு இப்படித் தேச்சே?" என்று கேட்டேன்.

"கரியா இருந்துச்சு மைனி" என்றாள்.

கரியாம்! என் வீட்டுக் கொப்பரை, என் வீட்டுக் கரி. நான் அழுக்குக்காரி என்று சொல்லாமல் சொல்லிவிட்டாளா இல்லையா? பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். நாலாவது வீடு வரைக்கும் கேட்டிருக்கும். சண்டை என்றால் திருப்பித் திட்ட வேண்டாமா? அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி மைனி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள். அதில்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நேரே சுடலைமாடன் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணினேன். "மாடா, இனி நான் அவ மூஞ்சியைப் பாத்து ஒரு சொல்லு பேசுனா இந்த நாக்கு உனக்கு."

மாடன் விளையாட்டுச் சாமி இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கிருந்து பேச்சில்லை. ஆட்டிடம் பேசலாம் இல்லையா? அது வேறு. "ஏ சீனி, ரேசன் கடையில பாமாயில் வந்திருக்காம், பத்து மணிக்குள்ள தீந்துருமாம், நீ என்னட்டி காலை நீட்டிப் படுத்துக் கெடக்க?" என்று ஆட்டைச் சத்தம் போடுவேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டில் பூட்டுப் போடுகிற சத்தம் கேட்கும். கலெக்டர் வந்ததிலிருந்து அந்தப் பக்கமிருந்தும், "கலெக்டரே, நேத்துப் பூரா இப்படி இருமுதியே, ஆடாதோடைக் கசாயம் போட்டிருக்கேன், சுவர் மேல வைக்கேன், சூட்டோட குடி" என்று வரும். இருமினது நான்தான். வான்கோழி எங்கே இருமும்? ஆனால் சுவர் மேல் டம்ளர் இருந்தால் குடிக்காமல் என்ன செய்ய? ஆறிப் போகுமே. இதெல்லாம் பேச்சில் சேராது டீச்சர். பூசாரியிடமே கேட்டுவிட்டேன். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்து, "சேராதுன்னுதான் நினைக்கேன்" என்றார்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

போன ஐப்பசி மழையில் சீனிக்குக் கண் சீப்பிடித்தது. மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். மருந்து விட்டார்கள். நோவு போய்விட்டது, பார்வையும் போய்விட்டது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் எழுந்தால் சுவரில் முட்டுவாள், குழாயில் முட்டுவாள், என் மேல் முட்டுவாள். பிறகு எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள். அகத்திக் குழை வாங்கி வாயில் வைத்தாலும் இரண்டு இலையைக் கடித்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளுவாள்.

ஒரு நாள் தெருமுனையில் பஸ்காரன் ஒரு ஆரன் அடித்தான். வான்கோழி இருக்கிறதே, அது எந்தப் பெரிய சத்தத்துக்கும் பதில் சொல்லிவிடும். பஸ் ஆரன், கோயில் மணி, இடி, நான், யாராக இருந்தாலும் சரி. நான் கத்தினால் மறுபேச்சுப் பேசுகிற ஒரே ஆம்பிளை இந்தத் தெருவில் அவன்தான். அன்றைக்கும் பஸ்ஸுக்குப் பதில் சொன்னான், 'களகளகள' என்று. சீனிக்குக் காது இரண்டும் நட்டுக்கொண்டது. அவள் 'ம்மே' என்றாள். அவன் மறுபடி சொன்னான். அவள் மறுபடி. பிறகு பார்த்தால், ஒரு சாக்கு மூட்டையை எறிந்தது போலச் சுவரைத் தாண்டி என் முற்றத்தில் வந்து விழுகிறான்.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். பேச்சில்லாத வீட்டுக் கோழிக்கு என் முற்றத்தில் என்ன வேலை? அவன் ஓடவில்லை. மரியாதைக்காரன் இல்லையா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே வாசல் வழியாக வெளியே நடந்தான். அவன் பின்னாலேயே சீனி எழுந்து நடந்தாள். சுவரில் முட்டவில்லை, குழாயில் முட்டவில்லை. அவன் சத்தம் போன வழியே போனாள். நான் விளக்குமாறும் கையுமாகப் பின்னால் போனேன். குளத்தங்கரை வரைக்கும் போய்விட்டார்கள் டீச்சர். அங்கே அவள் புல்லில் வாயை வைத்தாள். அவள் காலடியிலிருந்து வெட்டுக்கிளி எழும்ப எழும்ப இவன் பிடித்து விழுங்கினான். அவளுக்குப் புல், இவனுக்கு வெட்டுக்கிளி.

அதன் பிறகு தினமும் இதுதான். காலையில் சுவரைத் தாண்டுவான், கூப்பிடுவான், இருவரும் கிளம்புவார்கள். அவன் வாய் ஓயாது. அவள் வாயே திறக்க மாட்டாள். அவனுக்கு ஊரே தன்னைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஊரே தெரியாது. அவன் வழியில் நின்று நாயோடு சண்டை வளர்ப்பான், அவள் பொறுமையாகப் பக்கத்தில் நின்று அசை போடுவாள். எப்படித்தான் ஒத்துப் போகிறதோ! ஒருத்தர் வாயாடியும் ஒருத்தர் ஊமையும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதை நான் வேறெங்கேயும் பார்த்ததில்லை.

இதை எழுதிக்கிட்டீங்களா? பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்றால் நிறுத்திவிடுகிறேன். இல்லையா? சரி, கேளுங்க.

மார்கழி பிறக்கப் போகிற சமயம். லூர்தம்மாள் கலெக்டரைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். பஞ்சாரம் தெரியுமா, கோழி மூடுகிற பெரிய கூடை. போட்டுவிட்டு அவனிடம் சொன்னாள்: "கலெக்டரே, என் மகன் ஆரோக்கியம் வாரான். அவன் மாமனார் மாமியாரும் கிறிஸ்மஸுக்கு முதல் தடவையா வாராங்க. வான்கோழி விருந்து வைக்கேன்னு ஆறு மாசத்துக்கு முன்னால வாக்குக் குடுத்து உன்னை வாங்கினேன். நான் என்ன செய்ய?"

சொன்ன குரல் நன்றாக இல்லை. எனக்கென்ன வந்தது? நானும் ஆட்டிடம் சொன்னேன், "சீனி, அவங்கவங்க கோழியை அவங்கவங்க அறுக்காங்க, நீ காதைத் தீட்டாதட்டி" என்று. சொல்லியிருக்கக் கூடாது. வாய், டீச்சர், வாய்.

இரண்டு நாள் சீனி ஒன்றும் தின்னவில்லை. சுவரோரம் போய் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எங்க வீட்டுக்காரர், "கண்ணும் தெரியாது, தீனியும் திங்காது. எலும்பாகிறதுக்கு முன்ன கறிக்கடைப் பாய்கிட்ட விட்டுருவோம்" என்றார். ஆக, கோழி போனால் ஆடும் போச்சு.

வாயைத் திறந்து லூர்தம்மாளிடம் கேட்டால் என்ன என்று பார்க்கிறீங்க. சத்தியம் இருக்கிறதே! சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சீனி, நாட்டுக்கோழி ருசி வான்கோழிக்கு வருமாட்டி?" என்றேன். "கலெக்டரே, வாக்கு வாக்குதான்" என்று அந்தப் பக்கம் பெருமூச்சு. அவளும் மாட்டிக்கொண்டாள், நானும் மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு மாடன் நினைவு வந்தார். சாமிக்கு நேர்ந்துவிட்ட உருப்படியை இந்த ஊரில் எவனும் தொட மாட்டான். லூர்தம்மாள் மாதா கோயிலில் குடில் கட்டப் போயிருந்த நேரம் பார்த்துச் சுவர் ஏறினேன். சிரிக்காதீங்க, இந்த உடம்போடுதான் ஏறினேன். ஒரு செம்பு மஞ்சத்தண்ணீர். பஞ்சாரத்தைத் தூக்கி, "மாடா, இவன் உனக்கு" என்று தலையில் ஊற்றினேன். உருப்படி உடம்பைக் குலுக்கினால்தான் சாமி ஒத்துக்கொண்டார் என்று கணக்கு. கலெக்டர் குலுக்கின குலுக்கில் என் சேலை முழுக்க மஞ்சள். காலில் ஒரு மஞ்சக் கயிற்றைக் கட்டிவிட்டு, வந்த வழியே விழுந்து வந்து சேர்ந்தேன்.

அடுத்தவள் கோழியை என் சாமிக்கு நேர்ந்துவிட்டேன். அது தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். "கலெக்டரே, உனக்கு யாரோ மஞ்சத்தண்ணியில ஞானஸ்நானம் குடுத்திருக்காங்களே!" என்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மஞ்சள் சேலையை அவசரமாகத் தண்ணீரில் முக்கினேன். மறுநாள் கறிக்கடைப் பாய் கத்தியோடு வந்தார், கயிற்றைப் பார்த்தார், "நேர்ந்ததுல நான் கை வைக்க மாட்டேன் தாயி" என்று திரும்பிவிட்டார். ஆரோக்கியம் சொன்னான், "நம்ம கோழிதானம்மா, அவங்க சாமி நமக்கென்ன? நான் அறுக்கேன்." அதற்கு லூர்தம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "சாமி பொருளுல கை வச்சா உன் மாமியாருக்குத் தொண்டையில இறங்குமாடா? வாக்குக் குடுத்தது நெசம். ஆனா சாமியே வந்து கேட்டா நான் என்ன செய்ய முடியும்?" இப்படிச் சொல்லும்போது அவள் குரல் ரொம்ப நன்றாக இருந்தது.

பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டாள். அவன் சுவரைத் தாண்டி வந்தான். அன்றைக்குச் சீனி தின்ற தீனியில் வயிறு வெடித்துவிடும் என்று பயந்துவிட்டேன்.

அவள் வீட்டு விருந்துக்கு என்ன செய்தாள் என்று கேட்கிறீங்களா? என் நாட்டுக்கோழி இரண்டு எப்படியோ அவள் வீட்டுப் பக்கம் போய்விட்டன. காலைக் கட்டி, இறகைத் துடைத்துத்தான் போயிருந்தன. நானும் தேடவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனி மாதம் பூசாரி நல்லமாடன் கையில் நோட்டோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். மஞ்சள் சேலையோடு நான் சுவரிலிருந்து விழுந்ததைத் தெருவே பார்த்து அவர் காதில் போட்டிருக்கிறது. "உலகம்மா, ஆடிக் கொடைக்கு உன் பேருல வான்கோழி ஒண்ணு இருக்கு. மதியக் கொடைக்குக் கொண்டுவந்துரு."

எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்கா? வெட்டத்தான்."

டீச்சர், நேர்ந்துவிட்டால் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் செம்பைத் தூக்கும்போது அது தோன்றவில்லை. கிறிஸ்மஸிலிருந்து பிடுங்கி ஆடிக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். "என் சேவலைத் தாரேன் அண்ணாச்சி, என் கோழி எல்லாத்தையும் தாரேன்" என்று கெஞ்சினேன். "மாத்திக் குடுக்க இது என்ன ரேசன் கடையா? நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்று போய்விட்டார்.

அன்றைக்குச் சீனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன், "சீனி, நான் செஞ்சது தப்புட்டி, யாரையும் கேக்காமச் செஞ்சிட்டேன்" என்று. கோழியிடம் அவள் ஒரு சொல் பேசாத சாயங்காலம் அது ஒன்றுதான்.

கொடை வந்தது. உச்சி வெயில், மேளம் பிளந்து கட்டுகிறது. பூசாரி என் பேரைக் கூப்பிட்டார். நான் வெறுங்கையோடு நின்றேன். அப்போது கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. லூர்தம்மாள் வருகிறாள். கக்கத்தில் கலெக்டர். மேளக்காரன் ஒரு அடி அடித்தால் இவன் ஒரு பதில் சொல்லுகிறான். பின்னால் சீனி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, யார் மேலும் முட்டாமல்.

மாடன் கோயிலுக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான். வந்தவள் பேசினாள். கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேசினாள், அவளா!

"பூசாரி அண்ணாச்சி, இது என் கோழி. இதை நான் நேரல. என்கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. ஒருத்தர் பொருளைக் கேக்காம எடுத்துக் குடுத்தா உங்க சாமி வாங்குவாரா?"

மேளம் நின்றுவிட்டது. பூசாரி தாடியைச் சொறிந்தார். "வாங்க மாட்டாரு" என்றார். என் பக்கம் திரும்பினார். "கேட்டியா உலகம்மா?"

"கேக்கல."

"அப்ப இப்பக் கேளு. அவ தாரேன்னா சாமிக்கு, இல்லேன்னா அவளுக்கு."

"எப்படி அண்ணாச்சி கேக்க? சத்தியம் இருக்கே. ஆட்டுக்கிட்ட கேக்கட்டுமா?"

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. "சாமி காரியத்துல சாடைப் பேச்சு செல்லாது. மூஞ்சியைப் பாத்துக் கேளு" என்று சொல்லி, என் நாக்கில் ஒரு சிட்டிகைத் திருநீற்றைப் போட்டார். "இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மாடன் உன்னை விடுதாரு."

திரும்பினேன். இத்தனை வருஷமும் சுவருக்கு மேல் அவள் உச்சந்தலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தால், கண்ணாடி போட்டிருக்கிறாள்! எப்போது போட்டாள்? முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. நாக்கிலிருந்த திருநீற்றை விழுங்கினேன்.

"லூர்து, உன் கோழியைச் சாமிக்குத் தாரியா?" என்றேன்.

முதலில் கலெக்டர்தான் 'களகளகள' என்று பதில் சொன்னான். அவன் கத்தி ஓய்ந்ததும் அவள், "தர மாட்டேன் மைனி" என்றாள்.

ஊரே கை தட்டியது. பூசாரி என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்துட்டீங்க, முழுச் சத்தியத்தையும் எடுத்துருவோமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். பார்த்தால் அவளும் அதே நேரம் தலையாட்டுகிறாள். பின்னே? நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டால் சீனியிடமும் கலெக்டரிடமும் யார் பேசுவது? பாவம், பழகிவிட்டார்கள்.

இதுதான் கதை. ஆட்டையும் கோழியையும் மட்டும் எழுதுங்க, லூர்தம்மாள் இதில் வர வேண்டிய அவசியமே இல்லை. நீங்களே சொல்லுங்க, அஞ்சு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்கிறேன், ஊரறிய, சாமி முன்னால். இல்லை என்று சொல்லிவிட்டாள். அதுவும் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், அதற்கு மேல்...

கேட்டீங்களா? சுவருக்கு அந்தப் பக்கம்?

"கலெக்டரே, ரெண்டு தரம் சொன்னேன்னு சொல்லு. முதத் தரம் நீ கத்துன கத்துல அவளுக்கு எங்க கேட்டுச்சு?"

இவ்வளவு நேரமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். சரி, எழுதிக்கிடுங்க டீச்சர். ரெண்டு தரம்.